முதலில் பால், பிறகுதான் பேச்சு

செய்தி வந்தபோது நான் மருந்து அறையில் இருமல் மிக்ஸ்சர் கலக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சீட்டை நீட்டிக்கொண்டு வழக்கம்போல ஒரு கூட்டம். வார்டில் வேலை செய்யும் ராக்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உள்ளே நுழையாமல் வாசற்படியிலேயே நின்றாள். "சார், நம்ம நர்சம்மா போயிட்டாங்களாம். தொண்டூர் பஸ்ல வந்த ஆளு சொல்லிட்டுப் போறான். காலையில கஞ்சி குடிக்க எழுப்பினாங்களாம், எழுந்திருக்கலையாம்" என்றாள். நான் அளவுக் கிளாசைக் கீழே வைத்தேன். எத்தனை அவுன்ஸ் ஊற்றினேன் என்பது மறந்துவிட்டது. பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து மறுபடி கலக்கினேன். வெளியே நின்றவர்களுக்கு இருமல் நிற்கவில்லையே.

நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுத் தொண்டூரில் அண்ணன் வீட்டுக்குப் போனவர். பஸ் ஏறும்போதுகூட, "நான் வர்றவரைக்கும் என் அலமாரியை யாரும் கிளறக் கூடாது, பாத்துக்குங்க கம்பவுண்டரே" என்று அதட்டிவிட்டுத்தான் போனார். சாகப் போகிறவர் யாராவது அலமாரியைப் பற்றிக் கவலைப்படுவார்களா? அதனால் நானும் ஒன்றும் யோசிக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு மலர் போடுகிறோம், கூட வேலை பார்த்தவர் என்ற முறையில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று அவருடைய அண்ணன் மகன் கேட்டார். இது நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு எல்லாம் சவரியம்மாளைத் தெரியும். வெள்ளைப் புடவை, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, தோளில் துணிப்பை, கண்டக்டரையே பயப்படவைக்கும் குரல். உங்களில் பல பேருடைய பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தவர் அவர். ஆனால் எனக்கும் அவருக்கும் நடந்த ஒரு விஷயம் உங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம் உண்டு. நான் சாமி இல்லை என்கிற கட்சி. அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை தப்பாதவர், கத்தரிக்கோலை எடுக்கும்போதுகூட நெற்றியில் சிலுவை போடுகிறவர். "கம்பவுண்டருக்கு மேல ஆள் யாரும் இல்லையாம். அப்ப மருந்தையாவது ஜாக்கிரதையா கலக்கணும், தப்பாப் போனா காப்பாத்த யாரு இருக்கா?" என்று நோயாளிகளுக்கு முன்னாலேயே கேலி செய்வார். நானும் விடமாட்டேன். இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது.

என் மனைவி பச்சையம்மாள் ஐந்து மாதம் கர்ப்பமாக இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. கர்ப்பிணிப் பெண் கிரகண நேரத்தில் அரிவாள்மனை, கத்தி தொடக்கூடாது, எதையாவது நறுக்கினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் அப்போது படிப்பகத்தில் உட்கார்ந்து மூடநம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன். அன்றைக்குப் படிப்பக நண்பர்கள் நாலு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர்களுக்கு முன்னால் அரிவாள்மனையைப் போட்டு, பச்சையம்மாளைக் கூப்பிட்டு, ஒரு பூசணிக்காயை நறுக்கச் சொன்னேன். "வேணாங்க" என்றாள். "இன்னா ஆயிடும்? நறுக்கு, பாக்கலாம்" என்றேன். நறுக்கினாள். நண்பர்கள் கைதட்டினார்கள். அந்தப் பூசணிக்காயில் குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட்டோம். அவள் சாப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

தலைப்பிரசவம் பனமலையில் அவள் தாய்வீட்டில் நடந்தது. சேதி கேட்டுப் போனேன். மாமியார் குழந்தையை முகம் முழுக்கத் துணியால் மூடி என் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். துணியை விலக்கினேன். மேலுதடு இடது பக்கம் மூக்குத் துவாரம் வரைக்கும் பிளந்திருந்தது. குழந்தை வாயைத் திறந்து அழுதபோது மேலண்ணமும் நடுவில் சேராமல் இருப்பது தெரிந்தது. புண்ணும் சீழும் தினமும் பார்க்கிறவன் நான். ஆனாலும் கீழே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பூசணிக்காய்தான். பத்து வருஷம் பேசிய பேச்செல்லாம் ஒரு நிமிஷத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. பச்சையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

செஞ்சிக்குத் திரும்பி வந்து ஆஸ்பத்திரி முழுக்கக் கல்கண்டு கொடுத்தேன். "பொண்ணு. நல்லா இருக்குது" என்றேன். டாக்டர் கையைக் குலுக்கினார். சவரியம்மாள் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டே, "பால் நல்லா குடிக்குதா?" என்று கேட்டார். "குடிக்குது" என்றேன். அது பொய். குழந்தையால் மார்பில் வாய் வைத்து இழுக்க முடியவில்லை. சங்கில் ஊற்றினால் மூக்கு வழியாக வந்தது. குழந்தைக்கு என்ன வழி என்று தெரிந்த ஒருத்தர் எனக்கு எதிரிலேயே நின்று கல்கண்டு தின்றுகொண்டிருந்தார். என் மானம் என் வாயைக் கட்டிவிட்டது.

நான் செய்ததெல்லாம் சொட்டு மருந்து ஊற்றுகிற ஃபில்லர்களை எடுத்துக்கொண்டு போய் மாமியாரிடம் கொடுத்ததுதான். கூடவே குளுக்கோஸ். ஒருநாள் மத்தியானம் சவரியம்மாள் மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "ஃபில்லர் நாலு காணோம். குளுக்கோசும் குறையுது. நீங்க திருடற ஆள் இல்ல. யாருக்குப் பால் ஊத்தறீங்க, சொல்லுங்க" என்றார். நான் ஆரம்பத்திலிருந்து சொல்ல நினைத்து, "கிரகணத்தன்னிக்கு" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் அப்புறம். மொதல்ல பால். பால் உள்ள போவுதா இல்லியா?" மூக்கு வழியாக வருகிறது என்றேன். பிறந்து எத்தனை நாள் என்று கேட்டார். பதினொரு நாள் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "மூணு மணி பஸ்ல போறோம்" என்றார்.

பனமலையில் குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தொடையில் தோல் தளர்ந்து தொங்கியது. மாமியார் எல்லோரும் செய்கிற மாதிரி காலை நீட்டி அதன்மேல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஆத்தா, நீங்க பத்துப் புள்ளைங்களுக்கு ஊத்தின கைதான், தப்புச் சொல்லல. இந்தப் புள்ளைக்கு மட்டும் முறை வேற" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். கழுத்துக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துக் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தார். தாய்ப்பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் வாங்கச் சொன்னார். பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கமாகக் கன்னத்துக்குள் வைத்து, கொஞ்சம் சாய்த்தார். குழந்தை விழுங்கும் வரை காத்திருந்தார். மறுபடியும் கொஞ்சம். நடுநடுவே தோளில் சாய்த்து முதுகைத் தட்டினார்.

"குழல்ல ஓட்டை இருந்தா எம்மா நேரம் உறிஞ்சினாலும் தண்ணி வருமா? அதுபோலத்தான். புள்ளைக்குப் பசி இருக்குது, இழுக்கத்தான் முடியல. நாமதான் ஊத்தணும். படுக்க வச்சு ஊத்தாதீங்க, மூச்சுல எறங்கிடும்" என்று மாமியாருக்கும் பச்சையம்மாளுக்கும் சேர்த்துச் சொன்னார். ஒரு பாலாடைப் பால் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தை தூங்கியது. பச்சையம்மாள் எழுந்து வந்து பயத்தோடு குனிந்து பார்த்தாள். "தூங்கறாளா நர்சம்மா, இல்ல மயக்கமா?" என்றாள். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. "வயிறு ரொம்பித் தூங்கறா" என்றார் சவரியம்மாள். பச்சையம்மாள் அப்போதுதான் அழுதாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அழுகை நின்றதும் உள்ளே போனேன். அவள் கேட்டது நான் பயந்த கேள்வியைத்தான். "நான் நறுக்கினதாலதானே இப்படி ஆச்சு?" சவரியம்மாள் அவள் விரல்களைப் பிடித்து மாதம் எண்ணவைத்தார். கிரகணத்தன்றைக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. "புள்ளைக்கு உதடும் அண்ணமும் மூணு மாசத்துக்குள்ளயே சேர்ந்து முடிஞ்சுடும். கொழுக்கட்டைக்கு ஓரத்தைச் சேர்த்து அழுத்தற மாதிரி ரெண்டு பக்கமும் வந்து ஒட்டணும். சில புள்ளைக்கு ஒட்டாம நின்னுடுது. ஏன்னு பெரிய டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியல. நீ பூசணிக்காய் நறுக்கறதுக்கு முன்னாலயே இந்த முகம் இப்படித்தான் இருந்துச்சு. நான் சாமி கும்பிடறவ, நானே சொல்றேன், கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் நறுக்கச் சொன்னது சரிதான். வேணாம்னு சொன்னவளை நறுக்கச் சொன்னதுதான் தப்பு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தன் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், இதே மாதிரி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாளாம். சவரியம்மாள் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்துல இன்னாடி பண்ண?" என்பதுதானாம். அந்தப் பெண் குழந்தையை மூடிக்கொண்டு போய்விட்டாள். பிறகு வரவே இல்லை. தேடிப் போனபோது பட்டினியில் குழந்தை போய்ச் சேர்ந்திருந்தது. "நானும் அப்ப அதை நம்பினேன் கம்பவுண்டரே. வாய்ல வந்துடுச்சு. அதுலேர்ந்து எந்தப் புள்ளையைப் பாத்தாலும் பால் குடிச்சுதான்னுதான் மொதல்ல கேக்கறது. மத்த பேச்செல்லாம் பால் எறங்கின அப்புறம்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விரலில் மாதம் எண்ணிக் காட்டினாலும் பச்சையம்மாளுக்கு மனம் முழுதாக ஆறவில்லை. அடுத்த வாரம் சவரியம்மாள் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு பனமலைக்கு வந்தார். பெயர் குப்பு. மலையடிவாரத்தில் ஒரு கிராமம், நிலத்தில் வேலை செய்கிறவள். இடுப்பில் மூன்று வயதுப் பையன், மேலுதட்டில் தைத்த தழும்பு. குப்பு நேராகப் பச்சையம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கிரகணத்தன்னிக்கு நான் எதையும் நறுக்கலக்கா. எங்க மாமியா என்னை இருட்டு ரூம்ல போட்டு சாத்திட்டாங்க. அசையாம கெடந்தேன். எறும்பு கடிச்சுது, சொறியக்கூட இல்ல. அப்பவும் எம் புள்ள இப்படித்தான் பொறந்தான்" என்றாள். சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் மடியிலிருந்த குழந்தையை எடுத்துக் கொஞ்சினாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தக் குழந்தையைக் கொஞ்சியிருக்கவில்லை. பச்சையம்மாள் அன்று சாயங்காலம் தலை வாரிக்கொண்டாள் என்று மாமியார் பிறகு சொன்னார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன் பிள்ளையின் முகத்தைக் காட்ட அவள் வந்திருந்தாள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறந்துபோனேன்.

குழந்தைக்குப் பூங்கொடி என்று பெயர் வைத்தேன். உதட்டைத் தைக்க மதராசில் ஒரு ஆஸ்பத்திரிக்கு சவரியம்மாள் எழுதிப் போட்டிருந்தார். பத்துப் பவுண்டு எடை வந்தால் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. அவர் வாராவாரம் தராசைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பனமலைக்குப் போவார். எடை அரைக்கால் பவுண்டாக ஏறியது, சளி பிடித்தால் இறங்கியது. நாலாவது மாதம் ஒருநாள் தராசு முள் பத்தைத் தாண்டியது. நான் சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். சவரியம்மாள் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளி அரைஞாண், இரண்டு காலிலும் கனமான காப்பு, கழுத்தில் தாயத்து. எல்லாம் என் மாமியாருடைய வேலை. "ஆத்தா, மயக்க மருந்து எடையைப் பாத்துத்தான் குடுப்பாங்க. காப்புக்கும் சேர்த்துக் குடுத்தா புள்ள எழுந்திருக்குமா?" என்றார். மாமியார் எல்லாவற்றையும் கழற்றினார். உண்மையாகவே பத்துப் பவுண்டு வர அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆனது.

மதராசுக்கு சவரியம்மாளும் லீவு போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். அறுவை முடிந்து குழந்தையை வெளியே கொண்டுவந்தபோது முழங்கை மடங்காமல் இரண்டு கையிலும் மரப்பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள், தையலைப் பிய்த்துவிடக் கூடாது என்பதற்காக. உதடு சேர்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சையம்மாள் பார்த்துவிட்டு, "இது எம் புள்ள மாதிரி இல்லியே" என்று விம்மினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "அழட்டும் விடுங்க. அஞ்சு மாசம் அந்த முகத்தைத்தானே பாத்துப் பாத்துப் பால் குடுத்தா. அது சிரிக்கும்போது இன்னும் அகலமா இருந்துச்சு இல்ல? அதைத் தேடறா" என்றார் சவரியம்மாள். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் மனைவியையும் மகளையும் செஞ்சிக்கு அழைத்து வந்தேன். செஞ்சியில் யாரும் பழைய முகத்தைப் பார்த்ததில்லை. மேலுதட்டில் ஒரு கோடு மட்டும்தான். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "படியில வுழுந்துட்டா, தையல் போட்டாங்க" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, தானாக வந்தது. வந்தது பிடித்துப்போய்விட்டது. டாக்டருக்கும், படிப்பக நண்பர்களுக்கும் அதையே சொன்னேன். பச்சையம்மாள் பொய் சொல்லவில்லை. நான் சொல்லும்போது உள்ளே போய்விடுவாள். சவரியம்மாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உதடு சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பொண்ணு முகம் சரியாகிவிட்டது, அது போதாதா என்றேன். சவரியம்மாள் விடவில்லை. "முகம் பாக்கறவங்களுக்கு. அண்ணம் அவளுக்கு. அது சேரலைன்னா பேச்சு மூக்குலதான் வரும். பள்ளிக்கூடத்துல வாயைத் தொறக்க மாட்டா" என்றார். மறுபடி மதராஸ். ஊரில் யாரோ சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேன். பூங்கொடிக்கு அப்போது இரண்டு வயது. அண்ணம் சேர்ந்த பிறகும் பேச்சு சுலபத்தில் வரவில்லை. காற்றை மூக்கில் விட்டே பழகியிருந்தாள். சவரியம்மாள் சாயங்காலங்களில் வந்து பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதச் சொல்வார். பப்பாளித் தண்டைத் தண்ணீரில் விட்டுக் குமிழி ஊதச் சொல்வார். பெயரைச் சொல்லச் சொன்னால் குழந்தை திணறும். "கம்பவுண்டரே, பேரு வச்சீங்களே, வாய்க்குச் சுலபமா ஒண்ணு கெடைக்கலையா?" என்று என்னைச் சீண்டுவார். மூன்றரை வயதில் ஒருநாள் சவரியம்மாள், "உன் பேரு இன்னா?" என்று கேட்டார். பூங்கொடி தன் பெயரைச் சொன்னாள். கொஞ்சம் மூக்கில் ஒலித்தது, ஆனால் தெருவில் போகிறவர்களுக்கும் புரிந்திருக்கும். சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று நான் கேலி செய்யவில்லை.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

போன வருஷம் அறுவடைக் காலத்தில் சவரியம்மாள் மருந்து அறைக்கு வந்தார். ஒரு கிராமத்தில் ஆண் குழந்தை, உதடும் அண்ணமும் பிளவு. தாய்க்குப் பத்தொன்பது வயது. குழந்தையைத் தொடமாட்டேன் என்று கிடக்கிறாள். வீட்டிலும் போனால் போகட்டும் என்று இருக்கிறார்கள். தைத்துச் சரிசெய்யலாம் என்று இவர் மூன்று முறை போய்ச் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. "நான் சொன்னா, வேலைக்காகச் சொல்றாங்கன்னு நெனைக்குதுங்க. ஒரே ஒரு தடவை பூங்கொடியைத் தூக்கிக்கினு வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். அந்தப் பொண்ணு இவ மூஞ்சியைப் பாத்தா போதும்" என்றார். இத்தனை வருஷ வாக்குவாதத்தில் அவர் என்னிடம் எதையும் வேண்டிக் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

நான் மாட்டேன் என்றேன். "அது சுத்துப்பட்டு ஊரு. நாளைக்கே செஞ்சி பூரா தெரிஞ்சுடும். அவளுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குது இல்ல?" என்றேன். நாலு வயதுக் குழந்தையின் கல்யாணம். சவரியம்மாள் குப்புவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

அந்தக் குழந்தை அதற்கு எட்டாம் நாள் இறந்துபோனது. அதை எனக்குச் சொன்னது ராக்கம்மா. மறுநாள் காலையில் சவரியம்மாள் எப்போதும்போல வந்து, பஞ்சும் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்னை ஒரு சொல் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் பழையபடி கேலி பேசினார், சாயங்காலம் பூங்கொடிக்குப் பீப்பி சுருட்டிக் கொடுத்தார். மறுபடி அப்படி எதையும் என்னிடம் கேட்கவில்லை. நான் போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போகவில்லை என்பது உறுதி.

சவரியம்மாளின் அடக்கத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்திருந்தார்கள். குப்புவும் அவள் பையனும் வந்திருந்தார்கள். குப்பு பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். வீட்டுக்கு வந்ததும், போன வருஷம் சவரியம்மாள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் பச்சையம்மாளிடம் சொன்னேன். அதுவரை அவளுக்கும் தெரியாது. "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் தூக்கிக்கினு போயிருப்பேனே" என்றாள். பூசணிக்காய்க்குக்கூட என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள்.

அடக்கம் ஆகிப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மருந்து ஜன்னலில் சீட்டு இல்லாமல் ஓர் இளைஞன் நின்றான். "நர்சம்மா இல்லீங்களா?" என்றான். தவறிவிட்டார் என்றேன். "அப்ப சரிங்க" என்று திரும்பினான். அந்த 'சரிங்க'வில் எதையோ கைவிட்டது தெரிந்தது. கூப்பிட்டு நிறுத்தி விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டே, "புள்ள வாய் சரியில்லாம பொறந்துடுச்சுங்க" என்றான். பால் உள்ளே போகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். மருந்து அறைச் சாவியை ராக்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பச்சையம்மாள் பாலாடையைத் துணியில் சுற்றிக்கொண்டாள். பூங்கொடிக்குச் சட்டை மாற்றினோம். "எங்க போறோம் நைனா?" என்றாள். ஒரு பாப்பாவைப் பார்க்க என்றேன்.

அந்த வீட்டில் குழந்தை மூலையில் தனியாகக் கிடந்தது. தாய் எங்களைப் பார்த்ததும் முந்தானையால் அதன் முகத்தை மூடினாள். பச்சையம்மாள் கேட்காமலே குழந்தையை எடுத்து, கழுத்துக்குக் கை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். பால் இறங்க நேரம் ஆனது. இறங்கியது. அப்போதுதான் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். பூங்கொடி அவள் எதிரில் நின்று பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவள் உதட்டையே பார்த்தாள். பெயர் என்ன என்று கேட்டாள். பூங்கொடி சொன்னாள். பிறகு அந்தப் பெண் என்னிடம் திரும்பி, தழும்பைக் காட்டி, "பாப்பா எங்கனா வுழுந்துட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பொறக்கும்போதே உன் புள்ள மாதிரிதான் இருந்தா" என்றேன்.

அவள் கையை நீட்டிப் பூங்கொடியின் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து வந்து பச்சையம்மாள் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

சவரியம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய குடையோ தராசோ இல்லை, அவை புதிதாக வந்திருக்கும் நர்சிடம் போய்விட்டன. அவர் கூப்பிட்டு நான் போகாத அந்த வீடு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதன் வழிகூட எனக்குத் தெரியாது, ஆனாலும் அதை நான் இறக்கி வைக்கப்போவதில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் எனக்கு ஆள் அனுப்புங்கள். என் மகளுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. அவள் படியில் விழவில்லை. நாங்கள் மூன்று பேரும் வருகிறோம்.